படகில் டிசி ஃப்ரிட்ஜ்: பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதே கம்ப்ரசர் நின்றுவிடுகிறது

ஆழ்கடல்தம்பி எழுதியது:

வணக்கம் அண்ணன்மாரே. எங்களுடையது தூண்டில் போட்டு (படகு), ஊர் தூத்தூர் பக்கம், தொழில் கொச்சியில் இருந்து. ஒரு தடவை கிளம்பினால் ஒரு மாதத்துக்கு மேல் கடலில்தான் தங்கல். மீனுக்கு ஐஸ் ஏற்றிப் போகிறோம், அதில் குறை இல்லை. விஷயம் படகை ஓட்டுகிற எங்கள் ஸ்ராங்க் மாமாவுக்கு. சர்க்கரை, தினமும் இன்சுலின் போடுகிறார். இதுவரை பிளாஸ்கில் ஐஸ் போட்டுச் சமாளித்தோம், அது சரிவரவில்லை. அதனால் இந்த சீசனில் பேட்டரியில் நேராக ஓடுகிற 50 லிட்டர் டிசி ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கி வீல்ஹவுசில் (படகு ஓட்டும் அறை) பங்க்குக்கு (படுக்கைப் பலகை) அடியில் வைத்தோம். மேலே மூடி திறக்கிற வகை, உள்ளே டான்ஃபோஸ் பிடி 35 கம்ப்ரசர். மருந்தோடு பால், கொஞ்சம் காய்கறி, தக்காளி எல்லாம் அதில்தான்.

பிரச்சினை என்னவென்றால் பகலில் இன்ஜின் ஓடும்போது நன்றாக ஓடுகிறது, சாயங்காலம் தூண்டில் நூல் விட்டுவிட்டு இன்ஜினை நிறுத்தி மிதந்துகொண்டு கிடக்கும்போது, கொஞ்ச நேரத்தில் கம்ப்ரசர் "டக்"கென்று நின்றுவிடும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி எடுக்கப் பார்க்கும், மறுபடி நிற்கும். சின்ன விளக்கு ஒன்று சில வினாடிக்கு ஒருதரம் ஒரே ஒரு முறை மினுங்குகிறது. அந்த நேரம் கீழே இன்ஜின் ரூமில் பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.2, 12.3 காட்டுகிறது! அப்புறம் ஏன் நிற்க வேண்டும்? விடிகாலையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகவும் இப்போது முக்குகிறது.

இன்ஜின் 24 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் (ஆம்பியர்-மணி) பேட்டரி இரண்டு. ஜிபிஎஸ்ஸும் வயர்லெஸ்ஸும் 12 வோல்ட் என்பதால் ஏற்கெனவே ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் மேலே ஒரு லைன் போயிருந்தது. ஃப்ரிட்ஜையும் எலக்ட்ரீசியன் அதிலேயே கொடுத்துவிட்டுப் போனார். பேட்டரியில் இருந்து ஃப்ரிட்ஜ் வரை வயர் சுற்றிச் சுற்றி 12 மீட்டராவது வரும். இன்னொரு பேட்டரி வாங்கிப் போட்டால் சரியாகுமா? கடைக்காரர் 200 ஆம்பியருக்கு மாறச் சொல்கிறார். ஃப்ரிட்ஜில் கேஸ் குறைந்திருக்கும் என்று ஒருவர் சொல்கிறார். யாரை நம்புவது என்று தெரியவில்லை.

கனகு_போட்ஸ் எழுதியது:

தம்பி, இதற்கெல்லாம் ஏன் அவ்வளவு செலவு? காருக்கு விற்கிற கூலர் பாக்ஸ் இருக்கிறதே, சிகரெட் லைட்டரில் செருகுவது, மூவாயிரம் நாலாயிரத்துக்குக் கிடைக்கும். கம்ப்ரசரே கிடையாது, ரிப்பேரும் இல்லை. இல்லையென்றால் இன்வெர்ட்டர் ஒன்று போட்டு வீட்டு ஃப்ரிட்ஜையே வைத்துவிடு. எங்கள் பக்கம் இரண்டு போட்டில் அப்படித்தான் ஓடுகிறது.

துறைமுக_வயர்மேன் எழுதியது:

கனகு அண்ணே, கோபிக்க வேண்டாம். நீங்கள் சொல்கிற இரண்டுமே இந்தத் தம்பிக்கு ஆகாது. அந்தக் கார் கூலர் பெல்டியர் வகை, கம்ப்ரசர் இல்லாமல் கரண்ட் ஓடும் தகட்டாலேயே குளிர்விப்பது. வெளியே இருக்கிற வெப்பத்தைவிட ஏறக்குறைய 20 டிகிரிதான் அதனால் குறைக்க முடியும். வீல்ஹவுசில் 38 டிகிரி என்றால் உள்ளே 18. கோலாவுக்குப் போதும், இன்சுலினுக்குப் போதாது. அதோடு அது ஓய்வே எடுக்காமல் நாலைந்து ஆம்பியரை இழுத்துக்கொண்டே இருக்கும், கம்ப்ரசர் ஃப்ரிட்ஜைவிட ஒரு நாளைக்கு அதிகமாகத் தின்னும். இன்வெர்ட்டர் ஓடும் போட்டில் பகல் ராத்திரி ஜெனரேட்டரும் ஓடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். இன்வெர்ட்டர் சும்மா ஆன் செய்து கிடந்தாலே ஒரு ஆம்பியர், இரண்டு ஆம்பியர் போகும். வீட்டு ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் எடுக்கும்போது ஒரு உதை உதைக்கும், அதைத் தாங்க இன்வெர்ட்டரும் பெரிதாக வேண்டும்.

தம்பி, உன் விஷயத்துக்கு வருகிறேன். கேஸும் இல்லை, பேட்டரி சைஸும் இல்லை. அந்த விளக்கு ஒரே முறை மினுங்குகிறது என்று நீ எழுதினதிலேயே பாதி பதில் இருக்கிறது. பிடி 35 கம்ப்ரசர் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பெட்டிதான் அதன் மூளை. ஒரு மினுக்கு என்றால் "எனக்கு வந்து சேரும் வோல்டேஜ் போதவில்லை" என்று அர்த்தம். இரண்டு என்றால் ஃபேன் அதிகம் இழுக்கிறது, மூன்று என்றால் மோட்டார் எடுக்க முடியவில்லை, நான்கு என்றால் பாரம் தாங்காமல் வேகம் விழுகிறது, ஐந்து என்றால் அந்தப் பெட்டியே சூடேறிவிட்டது. இதை வீல்ஹவுஸ் சுவரில் எழுதி ஒட்டிவை. நடுக்கடலில் யாரையும் கூப்பிட்டுக் கேட்க முடியாது.

12 வோல்ட்டில் அந்தப் பெட்டி 10.4க்குக் கீழே இறங்கினால் கம்ப்ரசரை நிறுத்திவிடும், மறுபடி 11.7 வந்தால்தான் விடும். பேட்டரியைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. நீ மீட்டர் வைத்தது பேட்டரி முனையில், அது பார்ப்பது கம்ப்ரசர் முனையில். நடுவில் 12 மீட்டர் வயர், போக வர 24 மீட்டர். லைட்டுக்குப் போடுகிற 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர்தான் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். 6 ஆம்பியர் ஓடினால் அந்த வயரிலேயே ஒன்றே முக்கால் வோல்ட் போய்விடும். பேட்டரியில் 12.2 இருந்தால் ஃப்ரிட்ஜுக்குப் போய்ச் சேருவது பத்தரைக்குக் கிட்டே. அதில் ஒரு கனெக்டர் பச்சை பூத்திருந்தால் முடிந்தது கதை. கம்ப்ரசர் நின்றதும் கரண்ட் ஓடாது, வயரில் இழப்பு இருக்காது, வோல்டேஜ் மறுபடி பன்னிரண்டைத் தாண்டும். "சரி, வந்துவிட்டது" என்று ஒரு நிமிடம் கழித்து எடுக்கும், எடுத்ததும் விழும். விடிய விடிய இதுதான் நடக்கிறது. பகலில் இன்ஜினோடு சுற்றிச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் ஒவ்வொரு பேட்டரிக்கும் 14 வோல்ட் கொடுப்பதால் அந்த இழப்பு தெரியாமல் போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. 24 வோல்ட் ஜோடியில் ஒரு பேட்டரியில் இருந்து மட்டும் 12 எடுக்கவே கூடாது. எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம், எல்லோரும் செய்கிறார்கள், எல்லோரும் வருடா வருடம் பேட்டரி மாற்றுகிறார்கள். ஆல்டர்னேட்டர் இரண்டையும் ஒரே சரமாகப் பார்த்து ஒரே கரண்டைத்தான் இரண்டுக்கும் அனுப்புகிறது. ராத்திரி இறங்கினது ஒன்று மட்டும். அதற்கு நிறைவதற்குள் மற்றது நிறைந்து வழிந்து கொதிக்க ஆரம்பித்துவிடும். ஒன்று எப்போதும் பசியோடு, தகட்டில் வெள்ளைப் படிவு ஏறிச் சாகும். மற்றது தண்ணீர் வற்றிச் சாகும். விடிகாலையில் இன்ஜின் முக்குவது அதனால்தான். நம்பிக்கை இல்லையென்றால் இரண்டு பேட்டரியின் மூடியையும் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார், தனித்தனியாக வோல்ட்டும் பார்த்து இங்கே எழுது. இதே மாதிரி தொடுத்தால் 200 ஆம்பியர் வாங்கினாலும் அடுத்த வருடம் அதே கடைக்காரர்தான் சிரிப்பார்.

நல்ல சேதி, உன் கம்ப்ரசர் 24லும் ஓடும். எதையும் திருப்பிவைக்க வேண்டாம், அதுவே கண்டுகொள்ளும். இரண்டு பேட்டரியின் இரு கோடியில் இருந்து நேராக 24ஐக் கொடு. கரண்ட் பாதியாகிவிடும். கம்பெனிக் கணக்குப்படி 12 வோல்ட் என்றால் 6 ஸ்கொயர் வயர் 6 மீட்டர் தூரத்துக்கு, 24 என்றால் அதே வயர் 12 மீட்டர் வரை தாங்கும். உன் தூரத்துக்கு அது கச்சிதம், நான் என்றால் 10 ஸ்கொயர் போடுவேன். ஃபியூஸ் பேட்டரி பிளஸ்ஸுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். 12க்கு 15 ஆம்பியர், 24க்கு ஏழரை. ஜிபிஎஸ், வயர்லெஸ்ஸுக்கு 24ஐ 12 ஆக இறக்கும் கன்வெர்ட்டர் ஒன்று தனியாக வாங்கிக்கொள்.

லங்காவிக்காற்று எழுதியது:

மலேசியாவில் இருந்து எழுதுகிறேன், லங்காவியில் பாய்மரப் படகுகளுக்குக் குளிர்சாதன வேலை பார்க்கிறவன். வயர்மேன் அண்ணன் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. நான் வெப்பத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் பங்க்குக்கு அடியில் வைத்திருக்கிறேன் என்று தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்குப் பகீர் என்றது.

ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. கொட்டுவதற்கு இடமில்லை என்றால் கொட்டின சூட்டையே மறுபடி மூச்சில் இழுக்கும். மூன்று பக்கமும் பலகை அடைத்த பங்க், கீழே இன்ஜின் ரூம், இன்ஜின் நிறுத்தி இரண்டு மூன்று மணி நேரம் வரை அந்தத் தளம் சுட்டுக்கொண்டே இருக்கும். நீங்கள் சொல்கிற "சாயங்காலம்" அந்த நேரம்தான். 35 டிகிரியில் பாதி நேரம் ஓடி மீதி நேரம் ஓய்வெடுக்கிற கம்ப்ரசர், 45 டிகிரி அறைக்குள் நிற்கவே நிற்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர், நாளில் பாதி நேரம் என்றால் 60 ஆம்பியர் அவர். 24 வோல்ட்டில் 30. ராத்திரி பத்து மணி நேரத்துக்குப் பன்னிரண்டு பதிமூன்றுதான். இதற்குப் போய் 200 ஆம்பியர் பேட்டரியா? நிற்காமல் ஓடினால் மட்டும்தான் அந்தக் கணக்கு இரட்டிப்பாகும்.

ஆகவே பலகையில் கம்ப்ரசர் பக்கம் கீழே ஒரு துவாரம், எதிர்ப் பக்கம் மேலே ஒரு துவாரம், உள்ளங்கை அகலத்துக்காவது அறுத்துவிடுங்கள். கீழே குளிர்ந்த காற்று நுழையட்டும், மேலே சூடு வெளியேறட்டும். ஃப்ரிட்ஜுக்கு அடியில் ஒரு அங்குல தெர்மோகோலோ பஃப் (நுரைப் பலகை) துண்டோ வையுங்கள், ஐஸ் ரூமுக்குப் போட்டதில் மிச்சம் கிடக்கும். இங்கே பெரிய படகுகளில் கடல் நீருக்குள் பதிக்கிற வெண்கலக் கூலர் போடுகிறார்கள். கடல் நீர் முப்பது டிகிரிதான் இருக்கும், காற்று நாற்பதைத் தாண்டின அறைக்குள் ஃபேன் வைத்து ஊதுவதைவிட அது எவ்வளவோ மேல். உங்கள் 50 லிட்டருக்கு அது வேண்டாம், துவாரமே போதும்.

ஃபேன் பற்றி ஒன்று, பலருக்கும் தெரியாதது. பிடி 35ஐ 24 வோல்ட்டில் ஓட்டினாலும் அந்தக் கறுப்புப் பெட்டி ஃபேனுக்கு 12 வோல்ட்தான் கொடுக்கும். உப்புக் காற்றில் முதலில் சாவது அந்தச் சின்ன ஃபேன். "24 வோல்ட் சிஸ்டம்தானே" என்று 24 வோல்ட் ஃபேன் வாங்கி மாட்டினால் சோம்பலாகச் சுற்றும், காற்றே வராது, ஃப்ரிட்ஜ் ஏன் குளிரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். 12 வோல்ட் ஃபேனே ஒன்று கூடுதலாக வாங்கி, ஜிப் கவரில் போட்டுப் படகில் வைத்திருங்கள். சூட்டை வெளியே விடும் கண்டென்சர் தகடுகளில் உப்பும் தூசியும் சேர்ந்து களிம்பு மாதிரி ஒட்டும். ஒவ்வொரு தடவை கரைக்கு வரும்போதும் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

கேஸ் அடிக்கலாம் என்று யாராவது கேனைத் தூக்கிக்கொண்டு வந்தால் இறக்கிவிடுங்கள். இதில் இருப்பதே சில பத்து கிராம் ஆர் 134ஏ கேஸ். கார் ஏசிக்கு அடிக்கிற மாதிரி "கொஞ்சம்" அடித்தால் அதுவே பல மடங்கு. கம்ப்ரசருக்குத் திரும்பி வருகிற குழாய் வெளியே பனி பூத்திருந்தால் யாரோ ஏற்கெனவே அதிகமாக அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நன்றாகக் குளிர்கிற ஃப்ரிட்ஜுக்குக் கேஸ் குறையாது.

மருந்துக்கடை_நாகர்கோவில் எழுதியது:

ஃப்ரிட்ஜ் வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நான் இன்சுலினைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூட்டைவிட உடனடி ஆபத்து உறைவதுதான். ஒருமுறை உறைந்தால் அப்புறம் இளகினாலும் அது மருந்தாக வேலை செய்யாது, பார்த்தால் வித்தியாசமும் தெரியாமல் போகலாம். மேலே திறக்கிற டிசி ஃப்ரிட்ஜில் சுவர்த் தகடு பூஜ்யத்துக்குக் கீழே போகும். மருந்தை அந்தச் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், துணி சுற்றி, நடுவில், காய்கறிக்கு மேலே வையுங்கள். டப்பாவுக்குள்ளேயே ஒரு தெர்மாமீட்டர். ஃப்ரிட்ஜ் முகப்பில் காட்டுகிற எண்ணை நம்பாதீர்கள், அது சென்சார் இருக்கிற இடத்துச் சூடு.

போட்டுக்கொண்டிருக்கிற இன்சுலின் பேனாவை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியதில்லை, பொதுவாக 30 டிகிரிக்குள் நாலு வாரம் தாங்கும், மருந்துக்கு மருந்து கொஞ்சம் மாறும், அட்டையில் பாருங்கள். ஆனால் உங்கள் வீல்ஹவுஸ் 30 டிகிரியில் நிற்காதே, அதனால் அதையும் உள்ளேயே வைப்பது நல்லது. மண்பானைக்குள் வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். உள்நாட்டில் வறண்ட காற்றில் அது அருமையாக வேலை செய்யும், கடல் காற்றில் ஈரம் அதிகம், பானை அவ்வளவாகக் குளிராது.

ஃப்ரிட்ஜ் கைவிட்டால் ஐஸ் ரூம் இருக்கிறது. ஐஸில் புதைக்காமல், தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, ஐஸைத் தொடாமல் மேலே தொங்கவிடுங்கள். உப்புத் தண்ணீர் கலந்த ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழே போகும், அதனால் சொல்கிறேன். கிளம்புவதற்கு முன் மாமாவின் டாக்டரிடம் மாதக் கணக்கில் கடலில் இருப்பதைச் சொல்லி, கூடுதல் மருந்தும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆழ்கடல்தம்பி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. போட்டு இப்போது கரையில்தான் இருக்கிறது, நேற்று போய் எல்லாம் பார்த்தோம். வயர்மேன் அண்ணன் நேரில் வந்து பார்த்த மாதிரி எழுதியிருக்கிறார். ஃப்ரிட்ஜுக்கு லைன் எடுத்த பேட்டரி 12.1, மற்றது 12.8. அந்த 12.8 பேட்டரியில் மூடியைத் திறந்தால் நாலு அறையில் தகடு தண்ணீருக்கு மேலே தெரிகிறது, பக்கச் சுவர் லேசாகப் புடைத்திருக்கிறது. கம்ப்ரசர் முனையில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு ஃப்ரிட்ஜை ஆன் செய்தோம். நிற்கும்போது 12.0, எடுத்ததும் 10.3, டக். கண்ணால் பார்த்தாயிற்று. வயர் 1.5தான். நடுவில் இரண்டு இடத்தில் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள், டேப்பை உரித்தால் செம்பு கறுத்துப் போய் தொட்டதும் உதிர்கிறது.

துவாரம் அறுக்க ஆசாரியிடம் சொல்லிவிட்டோம். இரண்டு சந்தேகம். 12.1 பேட்டரி போன வருடம் வாங்கியது, புடைத்ததை மட்டும் மாற்றினால் போதுமா? அப்புறம் ஃப்ரிட்ஜை ஸ்டார்ட்டிங் பேட்டரியிலேயே விடலாமா, தனி பேட்டரி வேண்டுமா? மேலே சோலார் போட இடம் இருக்கிறது.

துறைமுக_வயர்மேன் எழுதியது:

ஒன்றை மட்டும் மாற்றாதே. பழசும் புதுசும் ஒரு சரத்தில் கட்டினால் நீ இப்போது அவிழ்க்கிற அதே சிக்கலைக் காசு கொடுத்து வாங்குகிறாய். இரண்டையும் ஒரே மேக், ஒரே சைஸ், முடிந்தால் ஒரே மாதத் தயாரிப்பாக எடு. 12.1ஐச் சார்ஜ் போட்டு எடுத்தால் வீட்டில் லைட்டுக்காவது ஆகும்.

தனி பேட்டரிதான் சரி. ஸ்டார்ட்டிங் பேட்டரி ஒரு நொடி பெரிய கரண்ட் கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கச் செய்தது. ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஃப்ரிட்ஜுக்கு, அப்படி மெதுவாக இறக்கி ஏற்றுவதைத் தாங்கும் டீப் சைக்கிள் வகையில் 100 ஆம்பியர் இரண்டு, சீல் செய்தது. இன்வெர்ட்டருக்குப் போடுகிற உயரமான டியூபுலர் மலிவுதான், ஆனால் போட்டு ஆடும்போது ஆசிட் சிந்தும், கட்டிவைப்பதும் கஷ்டம். பாதிக்கு மேல் இறக்காதே. 24க்கு அந்தப் பெட்டி 22.8இல் தானாக நிறுத்திவிடும், ஆனால் அது கடைசி எல்லை. பாரம் எல்லாம் நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் 24.4 என்றாலே பாதி போய்விட்டது. இரண்டு ஜோடிக்கும் நடுவில், இன்ஜின் ஓடும்போது மட்டும் சேர்ந்து நின்றதும் பிரிகிற ரிலே ஒன்று. லித்தியம் ஆசை இப்போது வேண்டாம். அது ஆல்டர்னேட்டரை முழு மூச்சில் உறிஞ்சும், நடுவில் தனி சார்ஜர் இல்லாமல் கொடுத்தால் ஆல்டர்னேட்டர் வெந்துபோகும்.

சோலார் தாராளமாகப் போடு. நம் வெயிலுக்கு 100 வாட் பேனல் ஒரு நாளைக்கு 12 வோல்ட் கணக்கில் ஏறக்குறைய 30 ஆம்பியர் அவர் தரும், 200 வாட் இருந்தால் நல்ல நாளில் ஃப்ரிட்ஜ் செலவு அதிலேயே முடியும். ஆனால் கம்பம், கொடி, கயிறு எதன் நிழலும் விழாத இடமாகப் பார். ஒரு ஓரத்தில் நிழல் விழுந்தாலே பாதிக்கு மேல் போய்விடும். மழைக்காலத்தில் அதை நம்பிக் கிளம்பாதே.

வயர் வாங்கும்போது ஈயம் பூசின செம்பு கிடைத்தால் அதையே வாங்கு, கொச்சியில் மரைன் கடைகளில் விசாரித்துப் பார். வயர் முனையில் லக் (செம்பு முனை) நசுக்கிப் போட்டு, உள்ளே பசை இருக்கிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சுடவை. நடுவில் எங்கும் ஒட்டு வேண்டாம், ஒரே நீளம். முக்கியமாக மைனஸ் வயரையும் பிளஸ் கனத்திலேயே பேட்டரி வரை இழு. பிளஸ்ஸை மட்டும் 6 ஸ்கொயர் ஆக்கிவிட்டு மைனஸைப் பழைய லைட் வயரிலேயே சேர்த்தால் பாதி இழப்பு அப்படியே இருக்கும். இரும்பு போட்டு என்றால் மைனஸைப் பாடியில் எங்கும் கொடுத்துவிடாதே, தகடு அரிக்கும்.